முப்பதைத் தாண்டி டி.ஓ. விண்ணப்பம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அமெரிக்காவில் டாக்டர் ஆவதற்கு இரண்டு பட்டங்கள் உண்டு: எம்.டி., டி.ஓ. இந்த எம்.டி.யை நம்மூர் மேற்படிப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே அதுதான் அடிப்படைப் பட்டம். டி.ஓ. என்பது ஆஸ்டியோபதி வழி வந்த மருத்துவப் பட்டம். 1892இல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் ஊரில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய பள்ளியில்தான் இதன் வேர் இருக்கிறது. எலும்பு, தசை, மூட்டுகளைக் கையால் தொட்டுச் சோதித்துச் சரிசெய்யும் பயிற்சி இதில் கூடுதல். மருந்து எழுதுவது, அறுவை சிகிச்சை செய்வது எல்லாம் 50 மாநிலங்களிலும் இரண்டு பட்டத்துக்கும் ஒன்றுதான். டிரம்புக்குக் கோவிட் வந்தபோது வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த ஷான் கான்லியும், பைடனின் மருத்துவர் கெவின் ஓ'கானரும் டி.ஓ.க்கள். "ஹோமியோபதி மாதிரியா?" என்று கேட்கும் சித்தப்பாவுக்கு இந்த இரண்டு பெயர்கள் போதும்.

நாட்டின் மருத்துவ மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இன்று டி.ஓ. பள்ளியில் படிக்கிறார். கல்லூரி முடித்த கையோடு வராமல் ஆம்புலன்ஸ் வேலை, ராணுவம், நர்ஸிங், மென்பொருள், பிள்ளை வளர்ப்பு என்று சுற்றிவிட்டு வருபவர்களை 'நான்-ட்ரெடிஷனல்' மாணவர்கள் என்பார்கள். இவர்களை வரவேற்பதில் டி.ஓ. பள்ளிகளுக்கு நல்ல பெயர் உண்டு. அதற்காகக் கதவு அகலத் திறந்திருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. சேர்கிறவர்களின் சராசரி ஜி.பி.ஏ. (கல்லூரி மதிப்பெண் சராசரி) 4க்குச் சுமார் 3.6; எம்கேட் நுழைவுத் தேர்வில் சுமார் 504. பத்து வருடத்துக்கு முன் வாங்கிய 2.6ஐக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு இது மலைப்பான எண்தான்.

பழைய மார்க் கவிழ்த்தவர்களைவிட அவசரம் கவிழ்த்தவர்கள் அதிகம் என்பது என் கணிப்பு. வயது போகிறதே என்ற பதைப்பில் பாதி வெந்த விண்ணப்பத்தை அனுப்பி, ஒரு வருடத்தையும் சில ஆயிரம் டாலரையும் இழந்து, அடுத்த முறை 'மறுபடி வந்தவர்' என்ற அடையாளத்தோடு நிற்பார்கள். கீழே உள்ளவற்றைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

செய்ய வேண்டியவை

முதலில் கணக்குப் போடுங்கள். படித்த கல்லூரிகள் அனைத்திலிருந்தும் மதிப்பெண் சான்றிதழ்களை வரவழையுங்கள். பள்ளியில் இருக்கும்போதே எடுத்த கல்லூரிப் பாடம், ஒரு கோடை விடுமுறையில் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து பாதியில் விட்ட பாடம் எல்லாம் இதில் சேரும். டி.ஓ. பள்ளிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பு ஆக்கோமாஸ். அது உங்கள் ஒவ்வொரு பாடத்தையும் தானே எண்ணி மொத்த ஜி.பி.ஏ., அறிவியல் ஜி.பி.ஏ. என்று பிரித்துப் போடும். கணிதம் அறிவியல் பட்டியலில் வராது. கால்குலஸில் வாங்கிய ஏ அங்கே கைகொடுக்காது.

இங்கே ஒரு பழைய அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. "எஃப் வாங்கிய பாடத்தை மறுபடி எடு, பழையது மறைந்துவிடும்" என்பார்கள். ஒரு காலத்தில் உண்மைதான்; ஆக்கோமாஸில் புது மதிப்பெண் பழையதை நீக்கிவிடும். அந்தச் சலுகை 2017இல் முடிந்துவிட்டது. இப்போது இரண்டும் கணக்கில் ஏறும்.

அதனால் எண்கள் எப்படி நகரும் என்பதைப் பார்த்துவிடுவோம். 120 கிரெடிட் (பாட எடை அலகு), ஜி.பி.ஏ. 2.6 என்றால் இரண்டையும் பெருக்கி வரும் உங்கள் புள்ளிகள் 312; ஏ என்றால் கிரெடிட்டுக்கு 4 புள்ளி. மேலும் 30 கிரெடிட் படித்து அத்தனையிலும் ஏ வாங்கினால் 150 கிரெடிட்டுக்கு 432 புள்ளி, அதாவது 2.88. இன்னொரு 30 கிரெடிட்டும் ஏ என்றால் 3.07. இரண்டு வருடம் ரத்தம் சுண்ட உழைத்ததற்கு அரைப் புள்ளிகூட ஏறவில்லை. சோர்ந்துவிடாமல் அறிவியலை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். 40 கிரெடிட்டில் 2.4 இருந்தது, 32 கிரெடிட் ஏ சேர்ந்தது என்றால் 3.11. மொத்தம் அசையாத இடத்தில் அறிவியல் நன்றாகவே அசைகிறது. கோப்பைப் படிக்கும் குழுவின் கண்ணும் அங்கேதான் போகும்: கடைசியாக எடுத்த பாடங்களில் இந்த ஆள் எப்படி?

பல பள்ளிகள் ஒரு குறைந்தபட்ச ஜி.பி.ஏ. வைத்து முதலிலேயே சலித்துவிடும் என்பதால் அந்தக் கோட்டைத் தாண்டும்வரை பாடம் எடுத்தே ஆகவேண்டும். எத்தனை கிரெடிட் தேவை என்பதை உறவினர், நண்பர் சொல்ல வேண்டியதில்லை. மேலே உள்ள கணக்கே சொல்லிவிடும்.

கடினமான பாடங்களைச் சேர்த்து எடுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே பருவத்துக்கு ஒரு பாடம் எடுத்து ஏ வாங்குவது பாராட்டத்தக்கது. ஆனால் மருத்துவப் பள்ளியில் ஒரே வாரத்தில் கொட்டப்போகும் பாடத்தை இவர் தாங்குவார் என்று அது காட்டாது. ஒரு பருவமாவது உயிர்வேதியியல், உடலியங்கியல், செல் உயிரியல் போன்று இரண்டு மூன்றை ஒன்றாக எடுத்துக் காட்ட வேண்டும். டி, எஃப் வாங்கிய கட்டாயப் பாடங்களை மறுபடி எடுங்கள். சி வாங்கிய கரிம வேதியியலைத் திரும்ப எடுப்பதைவிட அதற்கு அடுத்த படியான உயிர்வேதியியலில் ஏ வாங்குவது பெரும்பாலும் நல்ல செலவு. பள்ளிகளின் விதி மாறுபடும் என்பதால் பாடத்தில் சேரும் முன் நீங்கள் குறிவைக்கும் பள்ளிகளின் நிபந்தனையைப் படித்துவிடுங்கள். சில பள்ளிகள் மிகப் பழைய அறிவியல் பாடங்களை ஏற்பதில்லை.

எம்கேட்டுக்கு மரியாதை கொடுங்கள். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் 118இலிருந்து 132 வரை; மொத்தம் 472இலிருந்து 528. இடைவேளையோடு ஏழரை மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும். ஜி.பி.ஏ. குறைவாக உள்ளவருக்கு இந்தத் தேர்வுதான் பழைய மார்க்குக்கு எதிரான சாட்சி. 2.9க்குப் பக்கத்தில் 498 இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்திவிடும், 2.9க்குப் பக்கத்தில் 510 இருந்தால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். வருடத்தில் மூன்று முறை, இரண்டு வருடத்தில் நான்கு முறை, வாழ்நாளில் ஏழு முறை என்று வரம்பு உண்டு. தேர்வு எழுதி முடித்ததும் 'ரத்து செய்' என்று சொல்லி மதிப்பெண்ணைத் தவிர்க்கலாம். அதுவும் ஒரு முறையாக எண்ணப்படும். தேர்வை நடத்தும் அமைப்பே வெளியிடும் மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து இலக்கைத் தொடும்வரை தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

இலக்கியம், தத்துவம், சமூகவியல் பத்திகளைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் பகுதி ஒன்று உண்டு. அறிவியலில் கெட்டிக்காரர்களான நம்மவர்கள் வழுக்கி விழும் இடம் அதுதான். அதற்குக் கடைசி மாதத்துத் தயாரிப்பு உதவாது. தினமும் இரண்டு பத்தி என்று முதல் நாளிலிருந்தே பழக வேண்டும்.

ஒரு டி.ஓ. டாக்டரின் பின்னால் நடங்கள். பல பள்ளிகள் டி.ஓ. ஒருவரின் பரிந்துரைக் கடிதத்தைக் கேட்கும், அல்லது விரும்பும். உங்கள் ஊர்க் குடும்ப மருத்துவர்களின் பெயருக்குப் பின்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். தேடாமலே ஒருவர் கிடைப்பார். கிடைத்தவரிடம் முதல் நாளே கடிதம் கேட்காதீர்கள். சில வாரங்கள் போய் ஓரமாக நின்று பாருங்கள். முதுகுவலியோடு வந்தவரை அவர் எங்கே தொட்டார், என்ன கேட்டார், எப்போது கையால் சிகிச்சை கொடுத்தார், எப்போது "இது ஸ்கேனுக்குப் போக வேண்டியது" என்றார் என்பதை வீட்டுக்கு வந்ததும் எழுதி வையுங்கள். "ஏன் டி.ஓ.?" என்ற கேள்வி எல்லா நேர்காணலிலும் வரும். உடல், மனம், ஆன்மா எல்லாம் ஒன்று என்று மனப்பாடமாக ஒப்பிப்பவர்களைக் கேட்டுக் கேட்டு நேர்காணல் செய்பவர்களுக்குக் காது புளித்திருக்கும். அந்த நோட்டில் உள்ள ஒரு நோயாளி உங்களைக் காப்பாற்றுவார்.

குறைந்த மார்க்குக்கான விளக்கத்தை மூன்று வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். என்ன நடந்தது, என்ன மாற்றினீர்கள், மாறியதற்கு என்ன ஆதாரம். "இரண்டாம் வருடம் கிடங்கில் வாரம் 40 மணி நேரம் வேலை பார்த்தேன், உதவி கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது வேலையைப் பாதியாகக் குறைத்தேன், வாரந்தோறும் ஆசிரியரைப் பார்த்தேன். கடைசி 36 கிரெடிட்டில் ஒரு பி தவிர எல்லாம் ஏ." இவ்வளவு போதும். இதற்கு மேல் பேசினால் சாக்காகிவிடும். இதற்குக் குறைவாகப் பேசினால் எதையோ மறைப்பது போலிருக்கும்.

எழுதும்போது ஒரு இடத்தில் நில்லுங்கள். ஆக்கோமாஸ் சுயவிளக்கக் கட்டுரைக்கு இடைவெளிகளையும் சேர்த்து 5,300 எழுத்துகள்தான் இடம். வாழ்க்கை வரலாறு அதில் அடங்காது. ஆம்புலன்ஸில் வேலை செய்தவர் "மக்களுக்கு உதவும் ஆசை சிறுவயதிலிருந்தே" என்று தொடங்கினால் பத்தாயிரம் பேரோடு அவரும் ஒருவர். அதே ஆள், ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாகச் சர்க்கரை தாழ்ந்து மயங்கிய கிழவரின் வீட்டுக்குப் போனதையும், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோது தட்டில் இன்சுலின் வரிசையாக இருந்து, சாப்பிட எதுவும் இல்லாததையும் எழுதினால் கதை வேறு. ஏன் டாக்டராக வேண்டும், ஏன் ஆம்புலன்ஸோடு நிற்கக் கூடாது என்பதற்கு அந்தப் பெட்டியே பதில் சொல்லிவிடுகிறது. மார்க் விவகாரத்தைக் கட்டுரையில் ஒரு பத்திக்கு மேல் விடாதீர்கள்.

பள்ளிப் பட்டியலை ஊர் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒஹாயோ, ஓக்லஹோமா, மிச்சிகன் போன்ற மாநிலங்களின் அரசுப் பள்ளிகள் உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை தருபவை. கென்டக்கியில் பைக்வில், மேற்கு வர்ஜீனியாவில் லூயிஸ்பர்க் என்று அப்பலேச்சிய மலைப்பகுதிக்கு டாக்டர்களை உருவாக்குவதே வேலையாக வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு. அந்தப் பக்கம் வளர்ந்தவருக்கோ, அங்கே வேலை பார்த்தவருக்கோ அது பெரிய பலம். அரிசோனா மேசாவில் உள்ள ஏ.டி. ஸ்டில் பல்கலைக்கழகப் பள்ளி இரண்டாம் வருடத்திலிருந்தே மாணவர்களை ஏழை மக்களுக்கான சமூக சுகாதார மையங்களுக்கு அனுப்புகிறது. உங்கள் பத்து வருட வேலை எந்தப் பள்ளியின் நோக்கத்தோடு பொருந்துகிறது என்று பார்ப்பதுதான் தேர்வு. புதிதாகத் தொடங்கிய பள்ளி என்றால் மூன்றாம், நான்காம் வருடப் பயிற்சி எந்த மருத்துவமனையில் என்று தெளிவாகக் கேளுங்கள். "ஏற்பாடு நடக்கிறது" என்ற பதில் வந்தால் யோசியுங்கள்.

டெக்சாஸ்வாசிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்குள்ள அரசு டி.ஓ. பள்ளிகளுக்கு மாநிலத்தின் தனி விண்ணப்ப அமைப்பு உண்டு. பத்து வருடத்துக்கு மேற்பட்ட பழைய மதிப்பெண்களைக் கணக்கில் எடுக்காமல் விடும் சட்டமும் அந்த மாநிலத்தில் உண்டு. நல்லதோடு கெட்டதும் சேர்ந்து அழியும். பட்டத்தையே மறுபடி படிக்க வேண்டியிருக்கும். ஆனாலும் 1.9இல் நிற்கும் ஒருவருக்கு அது உண்மையான வழி.

மே மாதத்துக்குத் தயாராக இருங்கள். ஆக்கோமாஸ் மே தொடக்கத்தில் திறக்கும். வருகிற வரிசையில் படித்து இடம் நிரப்புகிற முறை என்பதால் சீக்கிரம் போனவருக்குக் காலி நாற்காலி அதிகம். சில பள்ளிகளின் கடைசித் தேதி அடுத்த ஆண்டு வரை நீளும். அது கடைசித் தேதிதான், நல்ல தேதி ஆகாது.

செய்யக்கூடாதவை

எந்தச் சான்றிதழையும் மறைக்காதீர்கள். படித்த எல்லாக் கல்லூரியையும் காட்ட வேண்டும் என்பது விதி. ஒழுங்கு நடவடிக்கை, போலீஸ் வழக்கு இருந்தாலும் கேட்ட இடத்தில் சொல்லிவிடுங்கள். பழைய எஃப்பை மன்னிப்பவர்கள் மறைத்ததை மன்னிக்க மாட்டார்கள்.

"சும்மா போட்டுப் பார்ப்போம்" என்று அனுப்பாதீர்கள். முன்பே சொன்னதுதான். எம்கேட் முடிவு வராமல், கடைசிப் பருவத்து மார்க் வராமல், டி.ஓ. கடிதம் இல்லாமல் போகும் விண்ணப்பம் உங்கள் பலவீனத்தை மட்டுமே சுமந்து போகிறது. 31 வயதில் அனுப்பி நிராகரிக்கப்படுவதைவிட 33 வயதில் அனுப்பி இடம் வாங்குவது சீக்கிரமான வழி.

எம்.எஸ். மார்க் கைகொடுக்கும் என்று நம்பாதீர்கள். இது குறிப்பாக நம்மவர்களுக்கு. ஊரில் பொறியியல், அங்கே அரியர், பிறகு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயன்ஸ் எம்.எஸ்., அதில் 3.9 என்று ஒரு வகை உண்டு. மேற்படிப்பு மதிப்பெண்ணை ஆக்கோமாஸ் தனி வரியில் போடும். இளநிலை எண்ணில் ஒரு புள்ளிகூட ஏறாது. இந்தியப் பட்டத்தை மதிப்பீட்டு நிறுவனம் வழியாக அனுப்பலாம். ஆனால் பெரும்பாலான பள்ளிகள் கட்டாய அறிவியல் பாடங்களை அமெரிக்கக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும். உயிரியலிலிருந்து தொடங்கித்தான் ஆகவேண்டும். இதில் ஒரு ஆறுதல் உண்டு: அமெரிக்க அறிவியல் ஜி.பி.ஏ. என்ற பலகை உங்களுக்குச் சுத்தமாக இருக்கிறது.

விசாவைக் கடைசியில் பார்க்காதீர்கள். எச்-4இல் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) இருப்பவர், கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர் முதல் வேலையாகப் பள்ளியின் நிபந்தனையைப் படிக்க வேண்டும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவரை ஏற்காத பள்ளிகள் ஏராளம். ஏற்கும் பள்ளியிலும் அரசுக் கல்விக்கடன் கிடைக்காது.

சிறப்பு முதுகலையில் தலைகால் தெரியாமல் குதிக்காதீர்கள். மருத்துவப் பள்ளியின் முதல் வருடப் பாடங்களை மருத்துவ மாணவர்களோடு சேர்ந்தோ, அதே தரத்திலோ படிக்கும் ஒரு வருடப் படிப்புகள் இருக்கின்றன. நன்றாகச் செய்தால் அதே பள்ளியில் நேர்காணல் உறுதி என்றுகூடச் சில இடங்களில் சொல்வார்கள். பல்லாயிரம் டாலர் செலவு. அங்கே பி, சி என்று வாங்கினால், "மருத்துவப் படிப்பு இவரால் முடியாது" என்பதற்கு நீங்களே காசு கொடுத்து ஆதாரம் வாங்கியது போல் ஆகிவிடும். சாதாரண அறிவியல் பாடங்களில் தொடர்ந்து ஏ வாங்கிக் காட்டிய பிறகு, அப்போதும் எண் போதவில்லை என்றால் போகலாம்.

"எம்.டி. கிடைக்கவில்லை, அதனால் இங்கே வந்தேன்" என்ற தொனி வேண்டாம். வாயால் யாரும் சொல்வதில்லை. கட்டுரையில் ஒரு வரிகூட ஆஸ்டியோபதி பற்றி இல்லாதபோது அது தானே கேட்டுவிடுகிறது. பயிற்சி மருத்துவர் இடங்களுக்கான அங்கீகாரம் 2020இல் இரண்டு பட்டத்துக்கும் ஒன்றாக இணைந்துவிட்டது உண்மை. ஆனாலும் போட்டி மிகுந்த சில அறுவை சிகிச்சைத் துறைகளில் டி.ஓ.க்கு ஏற்றம் இன்னும் செங்குத்துதான். அது தெரிந்து வருபவர் என்பதை நேர்காணலில் காட்டுங்கள்.

விரக்தியில் கரீபியனுக்கு விமானம் ஏறாதீர்கள். அங்குள்ள மருத்துவப் பள்ளிகளில் இடம் எளிதாகக் கிடைக்கும். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்து, எத்தனை பேர் பயிற்சி இடம் பெற்றார்கள் என்ற கேள்விதான் முக்கியம். அதற்குத் தெளிவான எண்ணைத் தராத பள்ளிக்கு உங்கள் முகவரியைக்கூடத் தராதீர்கள்.

வேலையை முதல் நாளே விடாதீர்கள். முதல் பருவத்துப் பாடங்களை வேலையோடு எடுத்துப் பாருங்கள். ஏ வந்தால் வேலை நேரத்தைக் குறைக்கலாம். மருத்துவமனை அனுபவத்துக்கும் சம்பளமில்லாத வேலைதான் வேண்டும் என்பதில்லை. மருத்துவர் பக்கத்தில் அமர்ந்து குறிப்பெழுதும் வேலை, நர்ஸிங் உதவியாளர் வேலை எல்லாம் கணக்கில் வரும்.

கடன் கணக்கைப் போடாமல் முன்பணம் கட்டாதீர்கள். இது புது விஷயம், பழைய வழிகாட்டிகளில் இருக்காது. மருத்துவ மாணவர் செலவு முழுவதையும் அரசுக் கடனாக வாங்க வழிசெய்த கிராட் பிளஸ் திட்டம், 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு இல்லை. தொழிற்படிப்பு மாணவருக்கு வருடம் 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு. பல தனியார் டி.ஓ. பள்ளிகளில் கல்விக் கட்டணமே இந்த 50,000 டாலர் வரம்பைத் தாண்டும்; வாடகை, சாப்பாடு, குழந்தைக் காப்பகம் அதற்கு மேல். மீதியைத் தனியார் வங்கிதான் தர வேண்டும். அதற்கு உத்தரவாதக் கையெழுத்துக் கேட்பார்கள், வட்டியும் அவர்கள் வைத்ததுதான். ராணுவ உதவித்தொகை, மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதிகளில் செய்யும் சேவைக்கு ஈடாகக் கட்டணம் ஏற்கும் தேசிய சுகாதாரச் சேவைப் படையின் திட்டம் இரண்டையும் சேர்க்கைக் கடிதம் வரும் முன்பே விசாரியுங்கள். கணவனோ மனைவியோ இருந்தால் இந்தக் கடன் கணக்கை அவர்கள் முன்னால் வைத்துப் பேசுங்கள். நான்கு வருடப் படிப்பு, பிறகு குறைந்தது மூன்று வருடப் பயிற்சி. அத்தனை வருடமும் யார் சம்பளத்தில் வீடு ஓடும் என்பது அந்த மேசையில் முடிவாக வேண்டிய விஷயம்.